சனிக்கிழமை ஸ்பெஷல் பேட்ச்

ஜூலை 6, சனி

டயர் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக மேஜைக் காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு கிடந்தது. இன்றைக்கு உருவி எடுத்துவிட்டேன். மேஜை ஆடுகிறது.

தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார் ஆக்னஸ் மேடம். யார் படிக்க என்று கேட்டேன். "யாரும் படிக்க இல்லீங்க. நீங்களே திரும்பிப் பாக்காட்டியும் பரவால்ல" என்றார். யாரும் படிக்காத ஒன்றை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் விண்ணப்பம் எழுதுவதுபோலத் தொடங்குகிறேன். பெயர் மங்கையர்க்கரசி. வயது நாற்பத்தேழு. ஊர் திருச்சி, உறையூர். தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. மங்கை டிரைவிங் ஸ்கூல், பெண்களுக்குத் தனிக் கவனம். பத்தொன்பது வருடமாக இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி உயிரோடு இருக்கிறேன்.

வியாதி, மனச்சோர்வு. இந்த வார்த்தையைக் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை. மூன்று முறை வந்துவிட்டது. முதல் முறை, மகள் பொன்னி பிறந்த ஆறாவது மாதம். இரண்டாவது, அவளுக்குப் பத்து வயதில். மூன்றாவது, போன மார்கழியில். "உனக்கு என்ன குறை?" என்று என் நாத்தனார் கேட்டபோது நானும் அவளோடு சேர்ந்து தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்து எழுப்பி உட்கார வைத்தார். நாலாவது முறை வராமலிருக்க மாத்திரையோடு இதையும் செய்யுங்கள் என்று ஆஸ்பத்திரி மாடியில் நடக்கும் எட்டு வாரக் குழுவில் சேர்த்துவிட்டார். சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, ஆக்னஸ் மேடம் நடத்துகிறார். பெயர் மைண்ட்ஃபுல்னஸ். எனக்குப் புரிந்தவரை, உடம்பு இருக்கும் இடத்தில் மனதையும் இருக்கச் செய்வது.

வீட்டில் என் கணவர் கருணாகரனுக்கு மட்டும் தெரியும். பொன்னிக்குத் தெரியவே கூடாது. அவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். இரண்டாவது முறை 'முதுகுவலி', மூன்றாவது முறை 'டைபாய்டு' என்று சொல்லி இதுவரை காப்பாற்றியாயிற்று. அம்மாவுக்கு இப்படி என்று தெரிந்தால், தனக்கும் வருமோ என்று அந்தப் பெண் உட்கார்ந்து பயப்பட ஆரம்பிக்கும். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். சனிக்கிழமை ஸ்பெஷல் பேட்ச் எடுக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி வகுப்பு. மொத்தம் ஒன்பது பேர். வட்டமாக நாற்காலி. ஆக்னஸ் மேடம் ஆளுக்கொரு உலர் திராட்சை கொடுத்தார். இதை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பாருங்கள், தொடுங்கள், முகருங்கள், அவசரமே வேண்டாம், ஐந்து நிமிடம் இருக்கிறது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என் பக்கத்திலிருந்த சேஷாத்ரி சார் அதை வலது கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாயில் போட்டு விழுங்கிவிட்டார். ரிட்டயர்டு தாசில்தார். ஸ்ரீரங்கத்துக்காரர்.

"பிரசாதம்னு நெனச்சுட்டேன்" என்றார்.

இன்னொன்று கொடுத்தார்கள். அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பழக்கத்தை என்ன செய்வது.

குழுவுக்கு ஒரே ஒரு விதிதான் கடுமையானது. யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது. கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அறிவுரை சொல்லியே வயிறு வளர்ப்பவளிடம் இதைச் சொல்கிறார்கள்.

ஜூலை 7, ஞாயிறு

வீட்டுப்பாடம் உண்டு. ஏழு கட்டம் போட்ட ஒரு தாள். ஆக்னஸ் மேடம் அனுப்பிய ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுப் படுத்து, கால் விரலிலிருந்து உச்சந்தலை வரை ஒவ்வொரு இடமாகக் கவனிக்க வேண்டும். நாற்பது நிமிடம். எத்தனை நிமிடம் செய்தோம் என்று தாளில் குறிக்க வேண்டும்.

இடது முழங்கால் வரை நினைவிருக்கிறது. பிறகு இவர் வந்து எழுப்பினார். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

நாளுக்கு ஒரு நல்ல விஷயத்தையாவது எழுத வேண்டுமாம். புதிதாகச் சேர்ந்திருக்கும் பல் டாக்டரம்மா, கியர் கரகரவென்று சத்தம் போட்டபோது அதைப் பார்த்து "சாரி" என்றார். அது நல்ல விஷயம்.

ஜூலை 13, சனி

இரண்டாவது வகுப்பு. தாளை வாங்கிக்கொண்டார்கள். என்னுடையதில் ஏழு கட்டமும் நிறைந்திருந்தது. ஒவ்வொன்றிலும் '40 நிமிடம், நன்றாக இருந்தது'. நேற்றுச் சாயங்காலம் காய்கறி வாங்கி வந்த கையோடு உட்கார்ந்து மொத்தமாக எழுதியதுதான். ஒரே நாளில் எழுதியது தெரியக் கூடாதென்று நீலப் பேனா, கறுப்புப் பேனா, மறுபடி நீலம் என்று மாற்றி மாற்றி எழுதினேன். காலேஜில் ரெக்கார்டு நோட்டு எழுதிய கை.

இடைவேளையில் டீ குடிக்கும்போது, யார் யார் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறோம் என்று பேச்சு வந்தது. சேஷாத்ரி சார் கண் பயிற்சிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். தென்னூரில் தையல் கடை வைத்திருக்கும் ஜமீலா, ஆரி எம்பிராய்டரி வேலை கற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

"மாமியார் இப்ப, எங்க ஒரு ஜாக்கெட்டக் காட்டு பாப்போம்ங்கிறாங்க அக்கா. நெசமாவே எங்கயாச்சும் போயி கத்துக்கணும்போல இருக்கு."

எல்லோரும் சிரித்தோம்.

ஜூலை 16, செவ்வாய்

நல்ல விஷயம்: பொன்னி போன் பேசினாள். சாப்பிட்டாளாம், சாம்பார், பீன்ஸ் பொரியல். படிப்பு நன்றாகப் போகிறதாம். முன்பெல்லாம் ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டியே அரை மணி நேரம் ஓட்டுவாள். வார்டன் மாதிரி பேசிக் காட்டுவாள். இப்போது குறையே சொல்வதில்லை. இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

ஜூலை 18, வியாழன்

நல்ல விஷயம்: ஆடி மாதம், புது வண்டி எடுப்பவர்கள் இல்லை, வகுப்பும் குறைவு. மதியம் தூங்கினேன். பொன்னியும் நன்றாக இருக்கிறாள். இன்றும் பீன்ஸ் பொரியலாம்.

ஜூலை 20, சனி

இன்று மூன்று நிமிட மூச்சுப் பயிற்சி. எங்கே வேண்டுமானாலும் செய்யலாம் என்றார்கள். திரும்பும் வழியில் தில்லை நகர் சிக்னலில் செய்து பார்த்தேன். மூச்சு உள்ளே போகிறது, மூச்சு வெளியே வருகிறது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டு, "எக்கோவ், பச்ச விழுந்து ரொம்ப நேரமாச்சு" என்றார். எல் போர்டு வண்டியில் டிரைவிங் ஸ்கூல் முதலாளியே இப்படி நின்றால் ஊர் என்ன ஆகும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சிக்னலில், இந்த வருடத்தில் முதன்முறையாக, எனக்கு எந்த அவசரமும் இல்லை.

பொன்னி ஆடிப்பெருக்குக்கு வரவில்லையாம். நிறைய அசைன்மென்ட். போன வருடம் காவிரியில் இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் முழுசாக நனைந்துகொண்டு வந்தவள். படிப்புச் சுமை அதிகம்தான்.

ஜூலை 24, புதன்

பதினொரு மணிக்குப் பொன்னிக்குப் போன் போட்டேன். தூக்கக் குரலில் எடுத்தாள். லேப் கேன்சலாம். போன வாரமும் இதே நேரத்தில் லேப் கேன்சல் என்றாள். நல்ல காலேஜ்தான்.

நான் சும்மா விடுவேனா. எண்ணெய் தேய்த்துக் குளி, வெயிலில் கொஞ்சம் நட, காலையில் சீக்கிரம் எழுந்திரு, போனைத் தள்ளி வை, பேரீச்சம்பழம் சாப்பிடு, அந்தப் பச்சைச் சுடிதாரைப் போடு. எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றாள். முன்பு ஒன்றுக்கு நாலு பதில் பேசுவாள். பொறுப்பு வந்துவிட்டது.

ஜூலை 27, சனி

நாலாவது வகுப்பு. ஜமீலா அழுதாள். காரணம் என்று ஒன்றும் இல்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே, இதெல்லாம் எதற்கு என்று தோன்றி டேப்பைக் கீழே போட்டுவிட்டாளாம். என் வாய் நுனியில் குறைந்தது ஐந்து அறிவுரை வந்து நின்றது. கடித்து விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லாம பக்கத்துல இருந்தீங்க பாத்தீங்களா, அது நல்லா இருந்துச்சுக்கா."

வீட்டில் இதைச் சொன்னதும் இவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "நீயா? ஒண்ணுமே சொல்லலையா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஜூலை 30, செவ்வாய்

பொன்னி போன். சாப்பிட்டாளாம். பீன்ஸ் பொரியல். நிம்மதி.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் வண்டி நகரவில்லை. புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்ட பெண்கள் மஞ்சள் கழுத்தோடு கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சேஷாத்ரி சார் காவிரிப் பாலத்தில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் தாமதமாக வந்தார். பையில் எங்கள் எல்லோருக்கும் சித்ரான்னம்.

இன்று நான் பிடிபட்டேன். ஆக்னஸ் மேடம் என் நாலு தாளையும் வரிசையாகப் பரப்பி வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எனக்குப் பதிலுக்குப் பேச வரும்.

"இருபத்தெட்டு நாளு. இருபத்தெட்டும் நாப்பது நிமிஷம், இருபத்தெட்டும் 'நன்றாக இருந்தது'. மங்கையக்கா, ஒரு நாளாச்சும் 'செய்யல, எரிச்சலா இருந்துச்சு'ன்னு எழுதுறவங்களப் பத்தி நான் கவலப்படறதில்ல. தெனமும் ஒரே மாதிரி நல்லா இருக்கறவங்களப் பாத்தாத்தான் எனக்குப் பயம்."

ஒத்துக்கொண்டேன். பேனா மாற்றியதையும் சேர்த்துச் சொன்னேன். அதைக் கேட்ட ஜமீலா, தானும் அப்படித்தான் என்றாள். சேஷாத்ரி சார் எழுந்து நின்று, "நான் அடுத்த வாரத்துக்கும் சேத்தே எழுதிட்டேன்" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேரில் ஏழு பேர் கள்ளக் கணக்கு.

"ஏன் அப்படி எழுதுனீங்க?" என்று ஆக்னஸ் மேடம் என்னிடம் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

யோசித்தேன். "நீங்க கவலப்படக் கூடாதுன்னுதான்" என்றேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பயிற்சி: செய்யவில்லை. எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

பயிற்சி: பன்னிரண்டு நிமிடம். பக்கத்து வீட்டு மிக்ஸி. பாதியில் எழுந்துவிட்டேன்.

பொன்னிக்கு இரண்டு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. பிறகு 'படிச்சிட்டிருக்கேன்மா' என்று மெசேஜ்.

ஆகஸ்ட் 7, புதன்

சாயங்காலம் பொன்னி எடுத்தாள். சாப்பிட்டியா என்றேன். "சாப்ட்டேன்மா. சாம்பார், பீன்ஸ் பொரியல்" என்றாள். வைத்துவிட்டாள். வழக்கம்போல நல்ல விஷயம் என்று எழுத டைரியைத் திறந்தேன்.

திரும்பிப் படிக்க வேண்டியதில்லை என்று ஆக்னஸ் மேடம் சொல்லியிருந்தார். படித்தேன். ஜூலை 16, பீன்ஸ் பொரியல். ஜூலை 18, பீன்ஸ் பொரியல். ஜூலை 30, பீன்ஸ் பொரியல். எழுதாமல் விட்ட நாட்களிலும் அதேதான் சொன்னாள், இப்போது ஞாபகம் வருகிறது. எந்த ஹாஸ்டலில் தினமும் பீன்ஸ் பொரியல் போடுகிறார்கள்? பீன்ஸை வாயிலேயே வைக்காத பெண் அவள்.

என்னைப்போல அவள் பேனாவைக்கூட மாற்றவில்லை. அவளுக்கு அந்தத் தெம்புகூட இல்லை.

பதினொரு மணிக்குத் தூக்கக் குரல். கேன்சலாகும் லேப். ஊருக்கு வராமலிருப்பது. சண்டை போடாமல் 'சரிம்மா'. இதெல்லாம் என்னவென்று எனக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மார்கழியில் நான் என் அம்மாவிடம் போனில் இப்படித்தான் பேசினேன். ஒரு திராட்சையை ஐந்து நிமிடம் உற்றுப் பார்க்கத் தெரிந்த எனக்கு, பெற்ற பெண் தெரியவில்லை.

இவரிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு, இப்போதே கிளம்பலாம் என்றார். நீங்களும் வந்தால் அவள் பயந்துவிடுவாள், காலையில் நான் மட்டும் போகிறேன் என்றேன். சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குத் தெரியக் கூடாது, தெரியக் கூடாது என்று மூடி மூடி வைத்தேன். வருவது எப்படியும் வந்துவிட்டது. நான் மூடி வைத்ததால், அது என்னவென்றே தெரியாமல் தனியாகக் கிடக்கிறாள். எனக்கு என் மேல் அவ்வளவு கோபமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். கரூர் தாண்டிவிட்டது. பொன்னி ஜன்னல் ஓரத்தில் தூங்குகிறாள். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை, டிரைவருக்குக் கிளட்ச் விடத் தெரியவில்லை.

ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் பன்னிரண்டரை. அறைத் தோழிகள் காலேஜ் போயிருந்தார்கள். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே ஜன்னல் எல்லாம் மூடி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலை சிக்குப் பிடித்து ஒரே முடிச்சாகக் கிடந்தது. வாளி நிறையத் துவைக்காத துணி. மேஜையில் பிஸ்கட் பாக்கெட் காகிதங்கள்.

முதலில் ஜன்னலைத் திற என்று சொல்ல வாய் வந்தது. பிறகு தலை, பிறகு வாளி. வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் விடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா, சொல்லாம கொள்ளாம வந்துட்ட?"

"பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்."

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

"தெரியும். நானும் மார்கழிலேந்து அப்படித்தான் எல்லார்ட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆர்டிஓ முன்னால் முதன்முதலாக வண்டி ஓட்டிக் காட்டியபோதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

"சனிக்கெழம ஸ்பெஷல் பேட்ச்னு சொன்னேன்ல. அங்க நான் சொல்லிக்குடுக்கப் போகல. என்ன மாதிரி ஒம்போது பேரு உக்காந்து, இது திரும்ப வராம எப்படிப் பாத்துக்கறதுன்னு கத்துக்கறோம். எனக்கு டைபாய்டு இல்ல பொன்னி. மனச்சோர்வு. மாத்திர சாப்பிடறேன்."

மெல்லத் திரும்பிப் படுத்தாள். "எப்பலேந்து?"

"நீ பொறந்த ஆறாம் மாசத்துலேந்து. விட்டு விட்டு. மூணு தடவ."

"நான் அஞ்சாங்கிளாஸ் படிக்கறப்ப நீ ரெண்டு மாசம் செவுத்தப் பாத்துப் படுத்திருந்தியே, அதுவுமா?"

"அதுவும்தான்."

"நீ படுத்த வாரம்தான் நான் கணக்குல முப்பத்தெட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றாள். "அதுக்குத்தான் நீ என்கூடப் பேச மாட்டேங்கறன்னு நெனச்சேன்."

அதற்கப்புறம் அவள் கணக்கில் தொண்ணூறுக்குக் கீழே வாங்கியதே இல்லை. என் பெண்ணுக்குச் சொல்லாமலே பொறுப்பு வந்துவிட்டது என்று, இரண்டாவது கியருக்கும் மூன்றாவது கியருக்கும் நடுவில், வருகிற ஒவ்வொரு மாணவியிடமும் பெருமை அடித்திருக்கிறேன்.

"இல்லடி" என்றேன். "அந்த மார்க்க நான் பாக்கவே இல்ல. ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட்டது அப்பா."

"நீ பாக்கவே இல்லையா?"

"இப்ப நீ சொல்லித்தான் தெரியும்."

அவள் வாய் கோணியது. சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "அப்ப நான் பத்து வருஷமா சும்மாவா படிச்சேன்?" என்றாள். சிரித்தாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். இருபது வயதுப் பெண்ணைத் தரையிலிருந்தபடி எட்டிக் கட்டிக்கொள்வது சுலபமில்லை. அவள் சுவரோரம் நகர்ந்து இடம் விட்டாள். ஏறிப் படுத்துக்கொண்டேன்.

கேட்கவே பயமாக இருந்ததை அப்போதுதான் கேட்டேன். "செத்துப்போயிடலாம்னு எப்பவாச்சும் தோணுதா?"

"அதெல்லாம் இல்லம்மா. எழுந்திரிக்கத்தான் முடியல. பிரஷ்ஷ எடுக்கறதுக்கே அழுகையா வருது." கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் இதுதானா?" என்றாள்.

"எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்ல. போயி கேப்போம்."

"போயிடுமா?"

அதற்கு மட்டும் எனக்கு நிச்சயமாகப் பதில் தெரிந்திருந்தது. "எனக்கு மூணு தடவ போயிருக்கு" என்றேன்.

இதுவரை நான் வந்ததைத்தான் எண்ணியிருக்கிறேன். ஒரு தடவைகூடப் போனதை எண்ணியதில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரி. இவரும் லீவு போட்டுவிட்டு வந்தார். வண்டி நிறுத்த இடமில்லை என்று கீழேயே நின்றுவிட்டார். எனக்கும் மாத்திரைச் சீட்டு புதுப்பிக்க வேண்டியிருந்தது. பொன்னி தலை சீவவில்லை. நானும் சீவு என்று சொல்லவில்லை. வரிசையில் நிற்கும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, வார்டன் குரலில் மெதுவாக ஏதோ சொன்னாள். சரியாகக்கூட வரவில்லை. இருந்தும் சிரித்தேன்.

எங்கள் முறை வந்தது. நர்ஸ் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பேஷண்ட் யாரு?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் கையைத் தூக்கினோம்.